இலக்கம்

பிஸ்கட் டின்னுக்குள் இருந்தது,
ஒற்றைக் கம்பளிக் காலுறையில் சுற்றி.
ரேத்தோவுக்கு நான் செய்வித்த அந்தியேட்டியின் மறுநாள்,
நிலவறையில், பனிச்சறுக்குக் கட்டைகளுக்குப் பின்னால்.

எங்கள் பக்கத்தில் துவக்கு என்போம் இதை.
துவக்கு என்றால் தொடங்கு என்றும் பொருள்.
லாங்னாவில் இதை யாரிடம் போய்ச் சொல்ல.

அவனுடைய தகப்பனின் துவக்கு.
மாமனாரை நான் கண்டதில்லை.
படத்தில் தொப்பிக்கு வெளியே நீட்டிய காதுகள்.
ஃபிரிட்ஸ் ஏஷ்லிமன், பால்பண்ணைக் கணக்கர்;
யுத்தகாலத்தில் எல்லைக் காவல்,
அங்கேயும் கணக்கெழுதும் சார்ஜன்ட்.

வாரிசுக்கு ஆறு மாதத் தவணை என்றது பொலிஸ் படிவம்.
வைத்திருப்பதென்றால் அனுமதி,
விற்பதென்றால் விலை.
இரண்டுக்கும் முதலில் அது என்னவென்று தெரியவேண்டும்.

தூனில் ட்சுர்ப்ரூக் என்பவர்
வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டார்.
மேலே முழங்கால்போல் மடிகிற மூட்டை மடித்து,
உருப்பெருக்கியால் ஒவ்வொரு துண்டாகப் படித்தார்.
சட்டம், குழல், விசைத் தகடு:
எல்லாவற்றிலும் ஒரே இலக்கம், ஐந்து எண்கள்.
பேர்ன் ஆயுதச்சாலைச் சிலுவை.
ரவைக்கூட்டின் மரக்குமிழ் மட்டும் பிறகு மாற்றியது,
அதற்கு நூற்றைம்பது கழிவு.
உறையில் உரசிய இடத்தில் நீலம் வெளிறியிருந்தது;
அது பரவாயில்லையாம், நேர்மையான தேய்மானமாம்.
"சுட்டதேயில்லை என்றுகூடச் சொல்லலாம்.
இந்த நாட்டுத் துவக்குகள்
கலியாணம் ஆகாமலே கிழடானவை" என்று
தன் பகிடிக்குத் தானே சிரித்தார்.
ஆயிரத்து இருநூறு பிராங்க்.
"கடதாசி ஏதும் இருந்தால் கூடும்.
வரலாற்றுக்கு விலை உண்டு."

பேர்ன் ஆவணக் காப்பகத்தில் பென்சிலுக்கு மட்டும் அனுமதி.
இரண்டாம் நாள் பின்னேரம் அந்த இலக்கம் கிடைத்தது.
அவருடைய கையெழுத்தேதான்,
பால் கணக்குக் கொப்பியில் நான் பார்த்த அதே சாய்ந்த ஏழு.
*வழங்கியது 24 ரவை. திரும்பியது 23.
ஒன்று: எச்சரிக்கை வேட்டு, இரவு, டூ ஆற்றங்கரை.
3 ஆட். திரும்பிப் போயினர்.*

ஆட்கள் என்று முழுதாக எழுத
மை செலவழிக்கவில்லை மனிசன்.
திகதி இருக்கிறது. மழை என்று இருக்கிறது.
ஒரு ரவையின் விலை, சதம் பிசகாமல் இருக்கிறது.
அடுத்த வரியில் குதிரைக்கு வைக்கோல்.

எனக்கு நேரே நீட்டப்பட்ட எதிலும்
இலக்கத்தை நான் பார்த்ததில்லை.
ஓமந்தையில் ஒன்று,
அது எண்ணெய் போடாமல் துருப்பிடித்திருந்தது ஞாபகம்.
பிறகு எண்பத்தாறில், கியாசோவுக்கு மேலே காட்டில்,
ஒருவன் டோர்ச் அடித்தான்.
நாங்கள் ஐந்து பேர் மரத்தோடு மரமாக.
அணைத்தான்.
அவ்வளவுதான் நடந்தது.
அவன் இடுப்பில் தொங்கியது
இப்போது எந்த டின்னில் கிடக்கிறதோ,
அதற்கு என்ன விலை சொல்வார் ட்சுர்ப்ரூக்?

திரும்பத் தூனுக்குப் போனேன்.
அப்படியொரு பதிவு இருந்தால் எவ்வளவு என்று கேட்டேன்,
இருந்தால் என்று அழுத்தி.
"சுட்ட பதிவா? எல்லையிலா?
அந்த ஒற்றைத் தாளுக்கே முந்நூறு."

ஆளுக்கு நூறு.
நான் வகுக்கவில்லை. அது தானாக வகுபட்டது,
நானும் இந்த வீட்டில் முப்பது வருஷம்
கணக்குப் பார்த்தவள்.
பிரதி கைப்பைக்குள்தான் இருந்தது.
இல்லை என்றேன்.

தவணையின் கடைசிக் கிழமை
படிவத்தை மேசையில் விரித்தேன்.
கையில் துவக்கெண்ணெய் மணம்,
வெங்காயம் அரிந்தும் போகவில்லை.
ஆயுதத்தின் இலக்கம்: ஐந்து கட்டங்கள், நிரப்பினேன்.
கீழே *ஏனைய குறிப்புகள்*, இரண்டு வரி இடம்.
மூன்று ஆட்கள் என்று எழுதினேன்,
முழுதாக, பேனையால்.

கவுண்டரில் இருந்த பொலிஸ் பெட்டை
விரலை அந்த வரியில் வைத்து நிமிர்ந்தாள்:
"இவர்களும் வாரிசுகளா?"