இறங்கித் தள்ளும் கணக்கு

ஜனவரி மழை இங்கே மேலிருந்து விழுவதில்லை.
பக்கத்திலிருந்து வருகிறது,
கடனைத் திருப்பிக் கேட்க வந்தவன் போல
முகத்தைப் பார்த்து.

டோல்கெத்லை பள்ளிக்கூடச் சமையலறையில்
முந்நூறு தட்டு கழுவிக் கவிழ்த்துவிட்டு
மூன்றரைக்கு நான் சைக்கிளை எடுக்கும்போது
வெளிச்சம் கடையைக் கட்டிக்கொண்டிருக்கும்.

ஹோலிஹெட்டில் தொடங்கி கார்டிஃப் வரை.
மூன்று நாள். ஜூன் மாதம்.
சாகப்போகிறவர்களின் வீட்டில்
விடிய விடிய உட்கார்ந்திருக்கும் நர்ஸுகளுக்காக.
"நெரிஸ், உனக்கு ஐம்பத்தொன்று" என்றது முழங்கால்.
"தெரியும்" என்றேன்.

முதல் வாரமே
காலணி மிதியோடு பூட்டிக்கொள்ளும் என்பதை மறந்து
சிவப்பு விளக்கில் நின்றேன்,
அதாவது, நிற்க நினைத்தேன்.
வெட்டிய மரம் போல மெதுவாக, முழு மரியாதையோடு
வங்கி வாசலில் சாய்ந்தேன்.
பேருந்துக்குள் ஆறாம் வகுப்பு மொத்தமும் கை தட்டியது.
மறுநாள் அவர்கள் தட்டில்
பட்டாணி கொஞ்சம் குறைவாகவே விழுந்தது.

டெகிட் அட்டவணை அனுப்புகிறான்.
செவ்வாய் நாற்பது, வியாழன் அறுபது,
ஞாயிற்றுக் கட்டத்தில் ஒரே சொல்: கணவாய்.

புல்க் அ க்ரோஸ்.
பெயரிலேயே சிலுவை இருக்கிறது,
சுமப்பவர் பெயர்தான் இல்லை.
நாலடி போனால் ஓரடி ஏறும் சாலை.
அங்கே கடைசி கியருக்குக் கீழே கியர் கிடையாது,
கெட்ட வார்த்தைதான்.
பிப்ரவரியில் ஒன்பது முறை இறங்கித் தள்ளினேன்.
மார்ச்சில் ஐந்து.
முதுகுப் பையில் வாழைப்பழம் கூழாகியிருந்தது.
விரல் விறைத்து
வீட்டுச் சாவியைப் பல்லால் திருப்பினேன்.

நன்கொடைத் தாளில்
எல்லோரும் மைலுக்கு இவ்வளவு என்று எழுதினார்கள்.
இரும்புக்கடை ஹவெல் மட்டும்
கண்ணாடியைத் துடைத்து, நெடுநேரம் யோசித்து,
'இறங்கித் தள்ளினால் தடவைக்கு ஐந்து பவுண்டு.
இறங்காமல் ஏறினால் ஒன்றுமில்லை' என்று எழுதினார்.
கிண்டல் என்று நினைத்தேன்.

திருகாணிப் பெட்டியைப் பார்த்தபடி சொன்னார்:
"கடைசி மாதம் எலெரி மாடிக்குப் போக
பதினான்கு படியில் ஏழு இடத்தில் நிற்பாள்.
ராத்திரிக்கு வரும் அந்த நர்ஸ்
ஏழு இடத்திலும் கூடவே நிற்பாள்,
பேருந்துக்குக் காத்திருக்கிறவர்கள் மாதிரி,
மழை வருமா வராதா என்று பேசிக்கொண்டு.
ஏறுகிறவர்களுக்கு ஊரே காசு கொடுக்கும்.
நான் நிற்பதற்குக் கொடுக்கிறேன்."
பிறகு எனக்கு ஒரு சைக்கிள் மணி விற்றார்.
முழு விலைக்கு.

ஏப்ரல், மூன்றாம் ஞாயிறு.
இறங்கவில்லை.
உச்சியில் ஒரு வேலி, ஒரு செம்மறி,
உப்புக் காய்ந்த என் முகம்.
கத்தினேன்.
செம்மறி மெல்லுவதை நிறுத்தவில்லை.
அப்புறம்தான் உறைத்தது:
பிப்ரவரிக் கணக்குப்படி இந்த வெற்றி
நாற்பத்தைந்து பவுண்டு நட்டம்.

ஆகவே மே மாதம் முழுக்க
டெகிட்டின் அட்டவணையில் இல்லாத பயிற்சி.
சரிவின் நடுவில் இறங்குவது.
பத்தடி தள்ளுவது.
மறுபடி ஏறி உட்காருவது.
அதுதான் பாடு. சக்கரம் பின்னால் வழுக்கும்,
கால் பூட்டைத் தேடித் துழாவும்.
ஏறப் பழகியபோது படாத சிராய்ப்பெல்லாம்
இப்போது படுகிறது.

நேற்று பதினொன்று.
பன்னிரண்டாவதுக்கு இறங்கி நின்றபோது
பளபளக்கும் சட்டையில் ஒரு பையன் கடந்துபோனான்.
"விட்டுடாதீங்க!" என்று கத்தினான், திரும்பாமல்.
விளக்கம் சொல்ல மூச்சில்லை.

ஹவெலின் மணியை ஒருமுறை அடித்துப் பார்த்தேன்.
மேற்கே கறுத்திருந்தது.
மழை வருமா வராதா என்று
யாரிடமாவது கேட்கலாம் போலிருந்தது.