லாம்

மூன்று கிலோ நொச்சி இலை.
நாலு மணித்தியாலம் கொதித்து
கண்ணாடிக் குழாயின் கழுத்தில் திரண்டது
ஒரு கரண்டிக்கும் காணாத எண்ணெய்.
ஜெஸீமா மூச்சை அடக்கி
அதைக் குப்பிக்குள் இறக்கும்போது
நிலாவெளி ரோட்டில் பஸ் போகும் அதிர்வுக்கும்
நான் பயந்தேன்.

நொச்சியைத் தேர்ந்ததற்குக் காரணம் கேட்டார்கள்.
விண்ணப்பத்தில் நாலு பக்கம் எழுதினோம்.
எழுதாதது:
கோட்டையடி மான்கள் பாத்தியில் புகுந்து
எல்லாவற்றையும் மேய்ந்தன,
இதை மட்டும் கடித்துத் துப்பின.
மானுக்குப் பிடிக்காதது
வைரஸுக்கும் பிடிக்காமல் போகலாம் என்று
வெளியே சொல்ல வெட்கப்படும் ஓர் ஆசை.

நொச்சி, சேரை, கறுவா இலை, துளசி.
ஐஸ் பெட்டியை மடியில் வைத்து
இரவு ரயிலில் கொழும்புக்குப் போன குலநாயகம்
கல்லோயாச் சந்திவரை கண் மூடவில்லை.
பிறகு மூடினாராம். பெட்டி மடியிலேயே இருந்ததாம்.

மாசியில் முடிவு வந்தது.
கறுவா: வைரஸ் செத்தது.
அதற்கு முன்னமே செல்லும் செத்திருந்தது.
எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை.
துளசி: ஒன்றுமில்லை. சேரை: திரும்பச் செய்க.
நொச்சி, பத்தாயிரத்தில் ஒரு பங்கு:
செல் உயிரோடு.
வைரஸ் பாதி.

பாதி.
ஜெஸீமா அந்தச் சொல்லை
நோன்பு திறக்கும் பேரீச்சம்பழம்போல
கொஞ்சநேரம் வாய்க்குள் வைத்திருந்தாள்.

‘மேலும் ஆராய்ந்தால் பயன்படலாம்’
என்றுதான் எழுதிக் கொடுத்தோம்.
பத்திரிகையில் வந்தது:
டெங்குவுக்குத் திருமலையில் மருந்து!
லாமை வெட்டிவிட்டார்கள்.
தலைப்பில் இடமில்லையாம்.

இரண்டாம் நாள் கிண்ணியாவிலிருந்து
ஓட்டோவில் வந்தார் ரமீஸ்தீன்.
மகள் ஆஸ்பத்திரியில்.
பிளேட்லட் இருபத்தெட்டாயிரம்.
கையில் மடித்த பத்திரிகை.
“ஒரு சொட்டுத் தாங்க மிஸ்.”

பிரிட்ஜ் பத்தடி தூரத்தில் இருந்தது.
அதற்குள் குப்பி இருந்தது.
தட்டில் கிடக்கும் செல்லுக்கு ஈரல் இல்லை,
காய்ச்சல் இல்லை, வாப்பா இல்லை
என்பதை எந்த மொழியில் சொல்வது?
“இது இன்னும் மருந்தில்லை” என்றேன்.
“வார்டை விட்டுக் கூட்டிக்கொண்டு போயிடாதீங்க.
டொக்டர் சொல்ற சேலைன்தான் இப்ப மருந்து.”

அவர் போகத் திரும்பி, நின்றார்.
“ஆனா உங்கட கையில மணக்குதே மிஸ்.”

மணந்தது.
சவர்க்காரம் போட்டு மூன்றுதரம் கழுவினேன்.
அன்றிரவு சோற்றிலும் மணந்தது.

பிள்ளை ஐந்தாம் நாள் தேறினாள்.
சேலைன், தூங்காத தாதிமார்,
அவளுடைய சொந்த ரத்தம்.
எங்கள் எண்ணெய்க்கு அதில் பங்கில்லை என்று
யாரும் கேட்காமலே
ஆய்வுக் குறிப்பேட்டின் ஓரத்தில் எழுதி வைத்தேன்.

ரமீஸ்தீன் மறுபடி வந்தார்.
ஓட்டோவின் பின் சீற்றில்
தம்பலகாமத்து வாய்க்கால் கரையில் வெட்டிய
ஒரு சாக்கு நொச்சி.
“சும்மா கிடக்குது. ஆராயலாம்தானே?”

ஜெஸீமா தராசைத் துடைத்தாள்.
மூன்று கிலோ.
இந்தமுறை பூக்குமுன் வெட்டியது.