புத்தக மதிப்பு: ஒரு ரூபாய்

வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டி
இரண்டாவது வளைவில் எங்கள் பார்க்.
நான் அங்கே கணக்கு.

ராட்டினம் வாங்கியது தொண்ணூற்றாறில்.
வருஷா வருஷம் தேய்மானம் கழித்துக் கழித்து
இப்போது என் லெட்ஜரில் அது
ஒரு ரூபாய்.
பூஜ்ஜியம் போட்டால் பொருளே இல்லையென்று ஆகிவிடுமாம்,
ஆடிட்டர் விட்டுவைத்த ரூபாய்.

இருபத்துநான்கு தொட்டி, தொட்டிக்கு நாலு பேர்,
அத்தனை பேரையும்
அந்த ஒரு ரூபாய் தூக்கிச் சுற்றுகிறது.
உச்சியில் நின்றால் கிழக்கே மதுக்கரைப் பக்கத்துச் சிமெண்ட் மூட்டம்,
மேற்கே தென்னைக்குப் பின்னால் தென்னை.
பொள்ளாச்சிப் பள்ளிப் பிள்ளைகள் அங்கே வந்ததும் கத்துவார்கள்,
எந்த மாநிலத்தில் கத்துகிறோம் என்று தெரியாமல்.

கணவாய்க் காற்று முற்றினால்
அவறாச்சன் லீவரை இழுத்துவிடுவார்.
வசூல் ஏன் குறைந்தது என்று கேட்டால்,
"காத்து ஏறியாச்சு சேச்சி, இனி ஆளு ஏறண்டா."

அப்படி ஓர் ஆடி மாசத்து ஓய்வில்தான்
தொட்டி தொங்கும் பின்களைக் கழற்றினார்.
சிவப்புச் சாயம் பூசி, துடைத்து,
வெள்ளைப் பொடி அடித்து
பீடி பற்றவைக்காமல் காத்திருந்தார்.
வெள்ளைக்குள்ளிருந்து மெல்ல எழும்பியது
ஒரு சிவப்பு மயிரிழை.
ஏழாம் தொட்டி.
பிறகு பத்தொன்பது.
நஷ்டத்தின் கீழே நான் போடும் கோடு
இதைவிடத் தடிமன்.

மீட்டிங்கில் மேசைமேல் பளபளப்பாக ஒரு கேட்லாக்:
நாற்பது மீட்டர் மேலே போய்
சட்டென்று கைவிடும் புது ரைடு.
ஏழு கோடியே நாற்பது லட்சம், வரி தனி.
ரெஜீஷின் போனில் யாரோ ஒரு நாட்டுப் பிள்ளைகள்
தலைகீழாகச் சிரித்தார்கள்.
பக்கத்தில், காலண்டர் தாளின் முதுகில்,
அவறாச்சன் எழுதிய பட்டியல்:
பின், பேரிங், வெல்டிங், டெஸ்ட்.
பதினெட்டு லட்சத்து அறுபதாயிரம்.

"பின் மாத்தினதை ஹோர்டிங்கில் போட முடியுமா?"
ரெஜீஷ் கேட்டான்.
நியாயமான கேள்வி.
திருச்சூர் ரோட்டில் புதிதாக முளைத்த பார்க்கில் அலைக்குளம்;
போன கோடையில் எங்கள் கூட்டத்தில் மூன்றில் ஒன்று அங்கே போனது.
அந்தக் கணக்கை எழுதியதும் நான்தான்.

"உடையுமா? உறுதியாச் சொல்லு."
அவறாச்சன் தன் கைவிரல்களைப் பார்த்தார்.
"உறுதி பறயான் பற்றில்ல."
"லட்சத்தில் ஒரு சான்ஸ் இருக்குமா?
அவ்வளவுதானே."

சாமுண்ணி முதலாளி அதுவரை பேசவில்லை.
பார்க்குக்கு முன்னால் அவருக்கு லாட்டரிக் கடை.
கோயம்புத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்தவர்களுக்கு
பதினாறு வருஷம் இதே வாக்கியத்தைத்தான் விற்றார்.
லட்சத்தில் ஒன்று.
வாரா வாரம்
யாருக்காவது விழுந்தது.

கேட்லாக்கை அவர் மூடவில்லை.
அதன்மேலேயே காலண்டர் தாளை வைத்துக்
கையெழுத்துப் போட்டார்.

ஓணத்துக்கு ராட்டினம் சுற்றவில்லை.
கேட்டில் டிக்கெட்டைத் திருப்பிக் கேட்டுச் சண்டை.
சுற்றாத நிழலில் ஐஸ் வண்டிக்காரர் நிம்மதியாகக் கடை விரித்தார்.
புது ரைடுக்குக் கட்டிய அட்வான்ஸ் முப்பது லட்சம்
வருமா போகுமா தெரியாமல்
இன்னும் என் ஏட்டில் தொங்குகிறது.
ரெஜீஷ் என்னோடு பேசுவதில்லை,
பட்டியலைத் தட்டச்சு செய்தது நான் என்பதால்.

கார்த்திகையில் பில் வந்தது.
பறக்காமலிருக்க அதன்மேல் வைத்தேன்
ஏழாம் தொட்டியின் பழைய பின்னை.

பழுது என்று செலவில் எழுதலாம்.
ஆயுள் கூடியது என்று மதிப்பில் சேர்க்கலாம்.
சேர்க்கச் சொன்னார் ஆடிட்டர்.
பதினெட்டு லட்சத்து அறுபதாயிரத்து ஒன்று.

"அந்த ஒன்றைத் தட்டிவிடுங்கம்மா,
ரவுண்டா இருக்கட்டும்."

தட்டவில்லை.