இரண்டு பட்டா

பிர்னோவில் பிப்ரவரி. இரவு ஒன்று நாற்பது.
மருத்துவமனை சர்வரில்
சிறுநீரகப் பிரிவின் அறிக்கை ஒன்று
பாதியில் பேச்சை மாற்றி
உணவகத்தின் புதன்கிழமைப் பட்டியலைச் சொல்கிறது:
பூண்டு சூப், மாவுருண்டை, புளித்த முட்டைக்கோஸ்.
சரியாக நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு பைட்.
பிறகு ஒன்றுமே நடக்காததுபோல்
மறுபடி யூரியா, பொட்டாசியம்.

ஸ்திஸ்லாவாவுக்குச் சிரிப்பு வந்தது.
நோயாளியின் பிறந்த ஆண்டைப் பார்த்ததும் அடங்கிற்று.

கர்னல் பதிவில் ஒரே ஒரு வரி:
இந்தக் குழுவில் காலி பிளாக், பிட்மேப்படி 512,
ஏட்டின்படி 511.
ஒன்று உதைக்கிறது.

ஒரே மனைக்கு இரண்டு பட்டா என்று வையுங்கள்.
இரண்டு கோப்புமே முறையாகக் கிரயம் முடித்தவை,
இரண்டின் ஐநோடிலும் அதே எண்.
பிட்மேப்பைக் கேட்டால்
ஆள் இருக்கிறது என்கிறது.
எத்தனை ஆள் என்று எண்ண
அதற்குத் தெரியாது.

வட்டு போச்சு, மாற்றிவிடு என்றான் வோய்மீர்,
ஆஸ்ட்ராவாவிலிருந்து, எதையோ மென்றுகொண்டே.
மாற்றினாள்.
புது வட்டில் ஒன்பதாம் நாள் அதே வில்லங்கம்.
நினைவகத்தைப் பதினோரு மணி நேரம் சோதித்தாள்; சுத்தம்.
கேபிளைச் சந்தேகித்தாள். மின்சாரத்தை. தன் கண்ணை.
சந்தேகம் தட்டிய இடத்தில் அச்சு வரி ஒன்றைச் செருகினால்
பிழை வருவதில்லை.
எடுத்தால் வருகிறது.
விளக்கெரியும் வீட்டில் திருடன் நுழைவானா?

அதற்கப்புறம் நான்காம் இரவு,
முதல் டிராம் பனியை அரைத்துக்கொண்டு
பணிமனையை விட்டுக் கிளம்பும் நேரம்
கண்டாள்.

ஒரு ப்ராசசர் பூட்டைப் போட்டு
காலி பிட்டைப் பார்த்து வைக்கிறது.
ஜர்னலிடம் அனுமதி கேட்கப் பூட்டை விட்டு
கொஞ்சம் தூங்குகிறது.
எழுகிறது. பூட்டுகிறது. குறிக்கிறது.
மறுபடி பார்ப்பதில்லை.
அந்தத் தூக்கத்துக்குள்
இன்னொன்று வந்து குடியேறி
அடுப்பைப் பற்றவைத்து
சூப்பும் கொதிக்கவிட்டிருக்கும்.

திருத்தம் மூன்று வரி.
எழுந்தால் மறுபடி பார்.
நிறைந்திருந்தால் வேறிடம் தேடு.
எழுதி முடித்தும்
விரல்கள் விசைப்பலகையிலேயே கிடந்தன.

பட்டாவைத் திருத்தலாம்.
இடித்துக் கட்டிவிட்ட மனையில்
முன்னிருந்த வீட்டை எங்கே போய்த் தேடுவது?
பழுதுநீக்கும் கருவி, நடுநிலை தவறாமல்,
இரு கோப்புக்கும் ஆளுக்கொரு நகல் கொடுத்தது.
இரண்டிலும் சூப்.

காலையில் மூன்றாம் மாடியைத் தொலைபேசியில் அழைத்தாள்.
கர்னல், பூட்டு, ஜர்னல் எதையும் சொல்லவில்லை.
எண்கள் போய்விட்டன என்றாள்.

எட்டரைக்கு
ஹ்ருபெஷ் என்கிற பெரியவர்
ஸ்வெட்டர் கையை மடித்துவிட்டு நீட்டினார்.
போன வாரம்தானே எடுத்தீர்கள்?

ஆமாம் என்றாள் செவிலி,
பஞ்சைத் தேய்த்தபடி
நரம்பைத் தேடிக்கொண்டே.