ரொட்டி வானுக்கு மாதம் பார்த்தல்

மொங்டனில் பெப்ரவரி.
எங்கள் வான் கழுத்துவரை பனியில் நிற்கிறது.
மேலே இருக்கிற வானும் அதே வெள்ளை;
எது எங்கே முடிகிறதென்று
சவளோடு நிற்கிற எனக்குத் தெரியவில்லை.

பதினாறு வருடம் ரொட்டி சுமந்த வண்டி.
முதியோர் இல்லச் சமையலறையில்
உருளைக்கிழங்கு சீவிச் சேர்த்த காசில்
இமெல்டாவும் நானும் பாதிக்குப் பாதி வாங்கினோம்.
ஒட்டுப்பலகையில் கட்டில் அடித்தோம்.
கதவைத் திறந்தால் இன்னும்
புளித்த மாவின் மணம்.

தீவுகள் முடிவாகிவிட்டன:
பிரின்ஸ் எட்வர்ட், மக்தலேன், கேப் பிரெட்டன்,
எண்ணெய்க் காசு மிஞ்சினால் பிரையர்.
மாதம்தான் முடிவாகவில்லை.

குளிர்சாதனப் பெட்டிக் கதவில் கலண்டரை ஒட்டிவைத்து
சந்தையில் மீன் பார்க்கிறவள் போல
ஒவ்வொரு மாதமாய்ச் செவிள் விரித்துப் பார்க்கிறாள் இமெல்டா.

மே: சிங்கறால் மலியும்.
ஆனால் கறுப்பு ஈ வரும்,
காதுக்குப் பின்னால் கடித்துவிட்டுப் போனபிறகுதான் தெரியும்.
யூன்: ஒன்பது மணிக்கும் வெளிச்சம்,
தெருவோரமெல்லாம் ஊதா லூப்பின்.
ஆனால் மூடுபனி.
தீவைச் சுற்றிவந்தும் தீவைக் காணாமல்
வீடு திரும்பினவர்கள் இருக்கிறார்கள்,
பக்கத்துவீட்டு ரெஜான் அவர்களில் ஒருவன்.
யூலை, ஓகஸ்ட்: தேர்த் திருவிழாச் சனம்.
கப்பலில் வண்டி ஏற்ற இடம்
போன மாதமே முடிந்திருக்கும் என்கிறாள்,
விசாரிக்காமலே.

செப்டெம்பர், என்றேன் நான்.
கடல் வெதுவெதுப்பாய் இருக்கும்,
பிள்ளைகள் பள்ளிக்குப் போயிருக்கும்.
"புயல்," என்றாள்.
ஒக்டோபர், என்றேன். மலையெல்லாம் சிவக்கும்.
"குழாயைப் பூட்டிவிடுவான்கள். எங்கே குளிப்பாய்?"

காற்றுக்கு அவளிடம் நான்கு பெயர் இருக்கிறது.
வானொலி, தென்மேற்கு, இருபது நொட் என்றால்
'சோளகம்' என்று கலண்டரில் குறிக்கிறாள்,
அத்திலாந்திக்கில் அடிப்பதை யாரும்
சோளகம் என்பதில்லை என்றாலும்.
என்னிடம் பள்ளிக்கூடத்தில் பாடமாக்கிய
ஆறு பருவம் இருக்கிறது.
முன்பனிக்கும் பின்பனிக்கும் நடுவில்
இங்கே இன்னொரு பனி,
அதற்குப் பெயர் வைக்கவில்லை.
அதைத்தான் இப்போது வாரிக்கொண்டிருக்கிறேன்.

நேற்றிரவு வேலை முடிந்து
வானுக்குள் ஏறி இருந்தோம்,
சும்மா, பார்ப்போமே என்று.
பற்றரி செத்துப்போயிருந்தது.
குடுவைத் தேநீர். இரண்டு போர்வை.
எங்கள் மூச்சே கண்ணாடிக்கு உட்புறம் உறைந்தது.
விடுமுறைப் படிவம் என் மடியில்,
பதினைந்தாம் தேதிக்குள் கொடுக்கவேண்டும்.

"எந்த மாதமும் உனக்குச் சரிவராது," என்றேன்.
"அலை ஓய்ஞ்சு கடலாடவே போறாய்?"

அவள் சிரிக்கவில்லை.
"இதுக்கு முதல் நாங்கள் வெளிக்கிட்ட எதுக்கும்
ஆராவது மாதம் கேட்டவையே?" என்றாள்.

கிடைத்த இரவு. கிடைத்த வள்ளம்.
எனக்கு அது ஓகஸ்ட், அவளுக்கு நவம்பர்.
அதற்குமேல் நாங்கள் பேசுவதில்லை,
பேசவும் இல்லை.
தேநீர் ஆறியது.

வெளியே யாரோ தட்டினார்கள்.
ரெஜான், கையில் பற்றரிக் கம்பிகள்.
"எங்கே புறப்பாடு, இந்த நேரத்தில்?"
இமெல்டா கண்ணாடியில் ஒரு வட்டம் சுரண்டி
அதற்குள்ளால் அவனைப் பார்த்தாள்.
"பார்த்துக்கொண்டிருக்கிறோம்," என்றாள்
பெரிய கப்பல் வைத்திருக்கிறவள் போல.

இன்று காலை படிவம் மேசையில் கிடந்தது.
முதல் தெரிவு: யூன்.
இரண்டாம் தெரிவு: செப்டெம்பர்.
பென்சிலால் எழுதியிருக்கிறாள்.
பதினைந்தாம் தேதிக்கு இன்னும் எட்டு நாள்.

சப்பாத்தைக் கழற்றமுதலே கேட்கிறாள்,
அழிறப்பர் எங்கே வைத்தாய் என்று.