மங்கிய குப்பி

எப்ரோ ஆற்றின் மூடுபனி
லொக்ரோன்யோ ஆய்வகச் சன்னல்வரை வந்து நிற்கிறது.
கணக்குப் பிரிவு ஃபெர்மின் படியேறி வந்திருக்கிறார்:
"அரை கிராம் பொன் வாங்கியிருக்கிறீர்கள்.
எங்கே அது?"

நியேவெஸ் ஒரு சிட்டிகை வெண்தூளைக் காட்டுகிறாள்.
அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
மறுபடி பார்க்கிறார்.
மஞ்சளில்லை, மினுக்கில்லை,
உரைகல்லில் தேய்த்தால் ஒரு கோடுகூட விழாது.

அறை விளக்கை அணைத்துவிட்டுப்
புறஊதாக் கைவிளக்கைத் திருப்புகிறாள்.
தூள் விழித்துக்கொள்கிறது,
பழுக்காத திராட்சையின் பச்சையில்.
"ஓ" என்கிறார். பேரேட்டை மூடிவிடுகிறார்.

வேலை அதற்கப்புறம்தான்.
ஊதா ஒளியின் கீழ் இரண்டு குப்பிகள்.
ஒன்றில் பொன்சேர்மம் மட்டும்:
வாங்கிய ஒளியை வேறு நிறத்தில்
திருப்பித் தந்துகொண்டு
சும்மா ஜொலிக்கிறது.
மற்றதில், உடைய வேண்டிய புரோமைடும்
கூட இருக்கிறது. அது மங்கல்.
வாங்கியதை வெளியே காட்டாமல்
பக்கத்திலிருப்பதன் கையில்
கொடுத்துவிடுகிற மங்கல்.

ஆனால்
காற்று கசிந்தாலும் இப்படித்தான் மங்கும்.
போன செவ்வாய் ஏமாந்தாள்.
இரவெல்லாம் காத்திருந்தும் காலையில் கிடைத்தது
போட்டது போட்டபடி,
ஒளியை ஆக்சிஜன் தின்றுவிட்டிருந்தது.

இன்று ரப்பர் மூடியை மூன்றுமுறை அழுத்திப் பார்த்தாள்.
நைட்ரஜன் குமிழ்களை எண்ணினாள், நூறுவரை,
பிறகு நம்பாமல் இன்னொரு நூறு.
ஃபெர்மினிடம் இதெல்லாம் சொல்லவில்லை.

போகிறபோது வாசலில் நின்று
ஜொலிக்கும் குப்பியைக் காட்டி
"அது நன்றாக ஓடுகிறது போலிருக்கிறதே" என்றார்.

அவள் மங்கியதன் முன்னால்
நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டாள்.