வசவில் பிறந்த நாள்

விடிந்தால் மழைக்கால வாசம்.
சவன்னக்கேத்தில் ஊரே
முழங்கால் உயர மெழுகுதிரியோடு
விகாரைக்குப் போயிற்று.
செங்தாவ் போகவில்லை.
பிடுங்கிய நாற்று காத்திருக்குமா?

இந்த நாளே ஒரு வசவில் பிறந்ததுதான்.
இவளைப்போல் இடுப்பொடியக் குனிந்த ஒருத்தி
வைதாள் என்றே வைத்துக்கொள்வோம்:
"மழைக்குப் பறவைகூடக் கூட்டில் அடங்குது,
இந்த மொட்டைத்தலைகள் மட்டும்
பயிரையும் புழுவையும் மிதித்துக்கொண்டு
எந்த நிர்வாணத்துக்கு ஓடுதுகள்?"
சொல் புத்தர் காதுக்குப் போயிற்று.
அவர் வாதாடவில்லை.
மூன்று மாதம்
ஓரிடத்தில் இருங்கள் என்றார்.

மறுநாள் காலை
பிட்சை முடித்து வரப்பில் திரும்பிய
பிக்கு வொங்பேத் வழுக்கினார்.
ஒரு குத்து நாற்று சேற்றில் சாய்ந்தது.
மண்ணைக் கிண்டலாகாதென்பது பிக்குவுக்கு விதி.
சுற்றிலும் பார்த்தார்.
துவராடையைத் தொடைமேல் செருகி
குந்தினார்,
இரண்டு விரலால் ஊன்றினார்.
கோணல்.

செங்தாவ் முதுகைக் காட்டிக்கொண்டு
நட்டபடியே இருந்தாள்.
அவர் தலை மறைந்ததும் போனாள்,
நிமிர்த்தக் கை நீட்டி
விட்டுவிட்டாள்.

கதிர் வாங்கும்போது தெரியும்,
எந்தக் குத்து
அவர் விதியை மீறியது என்று.